வாயில் காப்பாரும் அருகிருப்பாரும்

 

விழா நாளில் நோயைப் பற்றியும் இறப்பைப் பற்றியும் பேசுதல் பொருந்துமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். இறப்பை மறைத்து வைக்காமல், அதனை எதிர்கொள்ளும் முறையையும் வகுத்துத் தந்த சமயம் சமணம். ஆகவே, கடந்த பெருந்தொற்றுக் காலத்தில் பல வீடுகளில் விடை காணாமலே நின்றுபோன ஒரு கேள்வியை இந்த அவையின்முன் வைப்பது தகும். உயிர் பிரியும் நிலையில் உள்ளவரைக் காணச் செல்வதா, செல்லாதிருப்பதா? செல்வதாயின் எவ்வாறு செல்வது?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பச்சைமலை, கொல்லிமலைத் தொடர்களை அருகில் கொண்டு, சுவேத நதியின் நீரும் மரவள்ளி வயல்களுமாக விளங்கும் கெங்கவல்லியிலிருந்து, பெருநோய்க்கு மருத்துவம் பார்ப்போர் ஆத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்வது வழக்கம். பேருந்துகள் நின்றபோது அந்த 70 கிலோமீட்டர் கடத்தற்கரிய தொலைவாயிற்று. உறவினர் பலர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் எனப் பிற மாவட்டங்களில் இருக்க, இங்கே ஒருவர் படுக்கையில் கிடந்தால், அவரைக் காண வருவோர்க்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதனைப் பெறுதற்குரிய முதன்மையான காரணங்கள் திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் இறப்பு என்பன. இன்னும் இறவாத, ஆனால் சில நாள்களில் இறக்கப்போகிற தாயைக் காண வேண்டும் என்னும் மகளின் வேண்டுகோள் இம்மூன்றனுள் எதனோடும் நேரே பொருந்தவில்லை.

ஆதரவு மருத்துவம் பெறும் நோயாளரின் நிலையை முதலில் தெளிவாக உணர்தல் வேண்டும். ஆங்கிலத்தில் ஹாஸ்பிஸ் என வழங்கும் ஆதரவு இல்லம், நோயைத் தீர்க்க இயலாத நிலையை எய்தியவருக்கு வலி, மூச்சுத்திணறல், அச்சம் ஆகியவற்றைக் குறைத்து, எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிக்க உதவும் இடம். அங்கே இறப்பு விரைவுபடுத்தப்படுவதும் இல்லை. வீண் மருத்துவத்தால் இழுத்து நீட்டப்படுவதும் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967-இல் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லமே இக்கால ஆதரவு இல்லங்களுக்கு முன்மாதிரி. நோயாளரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும் உறவிலும் ஆன்மாவிலும் உள்ளது. இவை அனைத்தும் சேர்ந்ததே முழு வலி என்று அவர் கற்பித்தார். இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி நிவாரண ஆதரவு மருத்துவச் சங்கம், பயிற்சி பெற்ற ஊரார் துணையோடு இப்பணியை வீடுகளுக்கே கொண்டு சென்றது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. தமிழகத்தில், பெருந்தொற்றின் இரண்டாம் அலை தணிந்த வேளையில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இல்லம் தேடி வரும் நோய் ஆதரவுச் சேவையும் இடம்பெற்றது. கெங்கவல்லி போன்ற ஊர்களில் ஆதரவு இல்லம் என்பது பெரும்பாலும் நோயாளரின் சொந்த வீடேயாகும். ஆதலால் இங்கே கூறப்படுவன வீட்டிற்கும் பொருந்துவன.

சிசிலி அம்மையாரின் கருத்தை ஏற்றால் ஒன்று விளங்கும். தனிமையும் வலியின் ஒரு பகுதி எனில், அன்புடையார் ஒருவர் வந்து அருகே அமர்தல் வெறும் உபசாரம் ஆகாது. மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். வலிக்கு மருந்து கொடுப்பதை ஊரடங்கின் பெயரால் எவரும் நிறுத்துவதில்லை. அருகிருத்தலை மட்டும் எளிதில் நிறுத்திவிட்டனர். 14 நாள் தனிமை என்பது உடல் நலம் உடையோர்க்கு ஆண்டின் ஒரு சிறு கூறு. சாகும் தறுவாயில் உள்ளவருக்கோ அதுவே எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஆகலாம். பிறகு பார்க்கலாம் என்னும் சொல் அவரளவில் பொருளற்றது.

இக்கொடுமை உலகெங்கும் நிகழ்ந்தது. 2020 மார்ச் இறுதியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், பெற்றோரும் உடன்பிறந்தாரும் அருகில் இல்லாமலே உயிர் நீத்தான். அச்செய்தி நாட்டையே உலுக்கியது. ஏப்ரல் 15 அன்று பிரிட்டனின் சுகாதார அமைச்சர், இயன்ற இடமெல்லாம் நெருங்கிய உறவினர் விடைபெறுவதற்கு வழி செய்யப்படும் என அறிவித்தபோது அச்சிறுவனின் இறப்பைக் குறிப்பிட்டே பேசினார். இந்தியாவில் 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, இறந்தவரின் முகத்தை உறவினர் ஒருமுறை காணவும், உடலைத் தொடாமல் மறைமொழி ஓதவும் இடம் தந்தது. அது நல்ல செயலே. எனினும், இறந்தபின் முகம் காண்பதற்கு ஒரு முறை வகுக்க முடிந்தது எனில், இறக்குமுன் முகம் காண்பதற்கும் ஒரு முறை வகுக்க முடிந்திருக்கும் அன்றோ?

அத்தகைய முறை ஒன்று சமண மரபில் நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணப்பட்டிருக்கிறது. சிவாரியர் என்னும் ஆசிரியர் பிராகிருதத்தில் இயற்றிய பகவதி ஆராதனை, சல்லேகனை நோன்பு மேற்கொண்ட துறவிக்குத் துணை நிற்போரை நிர்யாபகர் என்று குறிக்கிறது. சல்லேகனை வேறு, நோயால் இறத்தல் வேறு என்பதை அவையோர் நன்கு அறிவர். இங்கே கருதத்தக்கது துணை நிற்கும் முறை மட்டுமே. நிர்யாபகர் 48 பேர் எனவும், அவர்கள் நால்வர் நால்வராகப் பணிகளைப் பகிர்ந்துகொள்வர் எனவும் அந்நூல் வகுக்கிறது. நோன்பிருப்பவரை எழுப்பவும் திருப்பவும் நால்வர். அறவுரை கூற நால்வர். கழிவுகளை அகற்ற நால்வர். இரவில் கண்விழிக்க நால்வர். நாட்டு நிலவரத்தை அறிந்து வர நால்வர். வாயிலைக் காக்க நால்வர். பிற பணிகளும் இவ்வாறே பகுக்கப்படுகின்றன. காலமும் இடமும் இடந்தராதபோது இவ்வெண்ணிக்கை படிப்படியாகக் குறையலாம். ஆயினும் இருவருக்குக் கீழ்க் குறைதல் ஆகாது. ஒருவரே இருந்தால், அவர் உணவுக்கோ உறக்கத்துக்கோ செல்லும் நேரத்தில் நோன்பிருப்பவர் தனித்து விடப்படுவார்.

இந்த அமைப்பை ஊன்றி நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். ஒன்று, வாயில் காத்தலும் தொண்டேயாகும். வருவோர் அனைவரையும் உள்ளே விடுதல் அன்பு ஆகாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். மற்றொன்று, வாயிலை எவ்வளவு கடுமையாகக் காத்தாலும் உள்ளே ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் சிலர் முதலாவதை மறந்து வேன் பிடித்துக் கூட்டமாகச் சென்றனர். வேறு பலர் இரண்டாவதை மறந்து கதவை அடைத்துவிட்டனர்.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைப் பழங்கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. தமிழ்ச் சமணர் பெருமையோடு எடுத்துரைக்கும் கல்வெட்டு அது. நோன்பிருந்து மறைந்தவர் தம் நாள்களைத் தாமே எண்ணி முடித்திருக்க இயலாது. 57 என்று எண்ணிச் சொன்னவர் எவரோ அவர் இறுதிவரை அருகில் இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் கல்லில் இல்லை. அவர் எண்ணிய எண் மட்டும் நிற்கிறது.

இனி, செல்லும் முறையைக் காணலாம். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதம் என்னும் சொல்லை முதன்மையாக வைக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். சமண நூல்களில் அது கவனமின்மையைக் குறிக்கும். கவனமின்மையால் ஓர் உயிர்க்கு ஊறு நேர்தல் இம்சை. நோயாளரைக் காணச் செல்பவர் எவருக்கும் தீங்கு எண்ணுவதில்லை. எனினும், கவனமின்றிச் செல்பவர் தம் மூச்சிலேயே தீங்கைச் சுமந்து செல்லக்கூடும். அந்தக் கவனத்தைப் பழக்குவதற்கென வகுக்கப்பட்டவையே ஐந்து சமிதிகள். அவற்றை வரிசையாகக் கொண்டால் காணச் செல்வோர்க்குரிய நெறி முழுவதும் அவற்றுள் அடங்கக் காணலாம்.

முதலாவது ஈரியா சமிதி; பார்த்து நடத்தல். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மணம் அறியாமை இவற்றுள் ஒன்று இருந்தாலும் செல்லலாகாது. எதுவும் இல்லை என்பதாலேயே செல்லலாம் என்பதும் இல்லை. கொரோனா தொற்றியவர் அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்தே அதனைப் பிறர்க்குத் தரக்கூடும். ஆகவே, செல்வதற்கு முந்திய சில நாள்கள் திருமணம், இழவு, சந்தை முதலிய கூட்டங்களைத் தவிர்த்தல் நன்று. தடுப்பூசியும், வாய்ப்புள்ள இடத்தில் பரிசோதனையும் துணைசெய்யும். வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர் எனத் தேர்ந்து, நாள்தோறும் அவர்களே சென்று வருதல் வேண்டும். நாளுக்கு ஒருவராக ஆள் மாறி மாறிச் சென்றால் ஒவ்வொருவரோடும் ஒரு புதிய இடர் நுழையும். தொண்டர் ஒருவர் ஒரே நாளில் பல நோயாளரைச் சென்று காணுதலும் தவிர்க்கத்தக்கது.

இரண்டாவது பாஷா சமிதி, காத்துப் பேசுதல். இந்நோய் பெரும்பாலும் காற்று வழியே பரவுவது. மெல்லப் பேசுவதைவிட உரக்கப் பேசுவதும் பாடுவதும் மிகுதியான நுண்துளிகளை வெளிவிடும். ஆகவே, முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, நேரெதிரே அமராமல் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து, மெல்லப் பேசுதல் வேண்டும். கூடிப் பாடும் வழிபாட்டை வெளி முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம். அறைக்குள் ஒருவர் பஞ்ச நமஸ்காரத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். காது மந்தமான முதியவர் பிறர் உதட்டசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். முகக்கவசம் அதனை மறைத்துவிடும். அவர்க்குப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டலாம். பேசும் பொருளிலும் காப்பு வேண்டும். ஊரில் யார் யார் இறந்தனர் என்னும் செய்தியும், எல்லாம் சரியாகிவிடும் என்னும் பொய்யும் அந்த அறைக்கு ஆகா.

மூன்றாவது ஏஷணா சமிதி; உணவில் கவனம். நோயாளர் அறையில் காணச் சென்றவர் உண்ணுதலும் பருகுதலும் கூடா. உண்ணும்போதுதான் முகக்கவசம் கழற்றப்படுகிறது. பழக்கூடையும் சத்துமாவும் கொண்டு செல்லும் வழக்கம் அன்பின் பாற்பட்டதே. ஆனால், விழுங்க இயலாதவர்க்கு அன்பால் ஊட்டும் ஒரு கரண்டிக் கஞ்சியும் மூச்சுக்குழலில் இறங்கி இன்னல் விளைக்கலாம். ஊட்டுவதற்கு முன் செவிலியரைக் கேட்டல் கடமை. உதட்டையும் நாவையும் நனைத்த பஞ்சால் ஈரமாக்குவதே பலர்க்கு உணவினும் மேலான ஆறுதல்.

நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி; பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். நுழையும்போதும் வெளியேறும்போதும் சோப்பிட்டு 20 விநாடி கை கழுவுதல் வேண்டும். நீர் இல்லாத இடத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி உதவும். கைபேசி, மாலை, நூல் என்று பலவற்றைக் கொண்டு சென்று பல இடத்தில் வைத்தல் வேண்டா. ஆனால், கையைத் தொடவே கூடாது என்று அஞ்சவும் வேண்டா. செவிலியர் தடை சொல்லாதபோது, கழுவிய கையால் நோயாளரின் கையைப் பற்றி, முகத்தோடு முகம் நெருங்காமல் இருத்தல் பெரும்பாலும் இயலக்கூடியதே. வெளியே வந்ததும் மீண்டும் கழுவுதல் வேண்டும்.

ஐந்தாவது உத்சர்க்க சமிதி. கழிவை அகற்றுவதில் கவனம். நோயாளரின் சளித்துணி, கழிவுத் துணி ஆகியவற்றைக் கையுறை அணிந்து எடுத்து மூடிய பையில் இடல் வேண்டும். வீடுகளில் பயன்படுத்திய முகக்கவசத்தைக் காகிதப் பையில் 72 மணிநேரம் தனியே வைத்திருந்து, வெட்டிய பின்னரே குப்பையில் சேர்க்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் அறிவுறுத்தியது. குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் உயிரும் உயிரே என்பதை இது நினைவூட்டுகிறது.

இத்தனை காப்புகளும் நோயாளரின் மனத்தைப் புண்படுத்துமோ என்று கேட்கலாம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது, நோயுற்ற உடலை அருவருக்காமை. உத்தாயன மன்னன் பிணியுற்ற துறவியின் வாந்தியைத் தன் கையால் துடைத்த கதையை இல்லந்தோறும் பிள்ளைகள் கேட்டிருப்பர். அருவருக்காமை வேறு, காவாமை வேறு. முகக்கவசம் அருவருப்பால் அணிவது அன்று என்பதை நோயாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் தவறாகவே எண்ணுவார். மறதி நோய் உடையவர் மூடிய முகத்தைக் கண்டு அஞ்சுவதும் உண்டு. எபோலா நோய் பரவிய லைபீரியாவில் 2015-இல் மேரி பெத் ஹெஃபர்னான் என்னும் கலைஞர், முழுக் காப்புடை அணிந்த செவிலியரின் சிரித்த முகத்தைப் படமெடுத்து அவர்கள் மார்பில் ஒட்டச் செய்தார். கொரோனாக் காலத்தில் பல மருத்துவமனைகள் அதனைப் பின்பற்றின. பேரன் ஒருவன் பாட்டியைக் காணச் செல்லும்போது தன் படத்தைச் சட்டையில் குத்திக்கொள்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றினும் கடினமான நிலை ஒன்று உண்டு. 75 வயதுக் கணவர், நீரிழிவு உடையவர், சாகக் கிடக்கும் மனைவியைக் காண வேண்டும் என்கிறார். தமக்கு என்ன நேர்ந்தாலும் ஏற்பதாகச் சொல்கிறார். பிள்ளைகள் தடுக்கின்றனர். இடரை முழுதும் உணர்ந்து அவர் சொல்வாராயின் அத்துணிவு அவருக்கே உரியது. ஐம்பது ஆண்டு இல்லறத்தின் கடைசி நாளைப் பிள்ளைகள் அவரிடமிருந்து பறித்தல் ஆகாது. ஆனால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் இடரையும் செவிலியரின் இடரையும் அவர் தம் விருப்பத்தால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆகவே முகக்கவசம், தனி அறை, குறித்த நேரம், திரும்பிய பின் சில நாள் தனித்திருத்தல் ஆகிய கட்டுப்பாடுகளை அவர் ஏற்றேயாக வேண்டும். அவற்றை ஏற்பவரைத் தடுப்பதும், ஏற்காதவரை விடுவதும் ஒருங்கே தவறு.

சிலர்க்கு எவ்வாறும் செல்ல இயலாது. அவர்க்கும் ஒரு வழி உண்டு. கனடாவின் வான்கூவர் நகர ஆதரவு இல்லம் ஒன்றில் நடத்தப்பெற்று 2020-இல் வெளியான ஆய்வு, சுயநினைவு இழந்து இறப்பை நெருங்கிய நோயாளர் சிலரின் மூளை, இறுதி நேரத்திலும் ஒலிக்கு எதிர்வினை காட்டியதை மின்னலைப் பதிவால் அறிந்தது. கேட்டது புரிந்ததா என்பதை அது நிறுவவில்லை. கேட்டல் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டியது. ஆகவே, உள்ளே இருக்கும் ஒருவர் கைபேசியை நோயாளரின் காதருகே பிடித்து, தொலைவில் உள்ள மகளின் குரலைக் கேட்கச் செய்தல் வீண் செயல் ஆகாது. அதற்கும் உள்ளே ஒருவர் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது, இனி இப்பேச்சு எதற்கு என்று எண்ணுதல் தகாது. புற்றுநோயால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்குச் சாதாரண சளிக்காய்ச்சலும் பெருந்தொற்றே. மேற்கூறிய நெறிகள் எல்லா நாளுக்கும் பொருந்துவன. மேலும், அடுத்த தொற்று வருமுன் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு செயல்களை முடித்து வைக்கலாம். மூத்தோர்க்கு இறுதிநிலை வரின் அருகிருப்போர் யார் இருவர், வாயில் காப்போர் யார் என்பதை, அவர் நலமாக இருக்கும்போதே அவரையே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நோயாளர் உள்ள வீட்டினர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீடு தேடி வரும் ஆதரவுச் சேவையைப் பற்றிக் கேட்டறியலாம். இளைஞர் சிலர் படுக்கையில் உள்ளவரைத் திருப்பவும் துடைக்கவும் செவிலியரிடம் பயிற்சி பெறலாம். நோயுற்றார்க்குப் பணிசெய்தலாகிய வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. இல்லறத்தார் வீட்டில் இருந்தபடியே ஆற்றக்கூடிய தவம் அது.

நாற்பத்தெண்மர் இக்காலத்தில் எளிதில் வாய்க்கார். இருவர் வாய்ப்பர். அந்த இருவரை ஒவ்வொரு குடும்பமும் இன்றே தேர்ந்து வைப்பதாக.